அந்த கேம் செத்துவிட்டதா? ஆட்டக்காரர் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

நீங்கள் கேட்டது இது. ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஆன்லைன் கேம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீமில் பார்த்தால் ஒரு நாளின் உச்சத்தில் 1,800 பேர்தான் ஆடுகிறார்கள். "அது செத்துப்போன கேம், காசைக் கரியாக்காதே" என்கிறார் உங்கள் நண்பர். விற்கும் நிறுவனமோ ஒரு கோடிப் பேர் ஆடிய கேம் என்று விளம்பரம் செய்கிறது. இதில் யாரை நம்புவது?

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டிய பதில் இருவரிடமும் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய கேம்களிலும் சிறிய கேம்களிலும் மாறி மாறிக் குடியிருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'ஆட்டக்காரர்கள்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கேமில் இதுவரை கணக்குத் தொடங்கியவர்கள் ஒரு கூட்டம். இந்த மாதம் ஒருமுறையாவது உள்ளே வந்தவர்கள் இன்னொரு கூட்டம். இன்று வந்தவர்கள் அதைவிடச் சிறிய கூட்டம். இந்த நொடியில் உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றிலும் சிறிய கூட்டம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதல் எண். ஸ்டீமில் தெரிவது கடைசி எண். இவ்விரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்தும் ரயட் நிறுவனம் 2014 ஜனவரியில் மூன்று கணக்குகளையும் சேர்த்தே வெளியிட்டது. மாதம் 6.7 கோடிப் பேர், நாளொன்றுக்கு 2.7 கோடிப் பேர், ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் உச்சத்தில் 75 லட்சம் பேர். ஒரே கேம், ஒரே காலம். ஆனால் பெரிய எண் சின்ன எண்ணைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இவ்வளவு வெளிப்படையாக மூன்றையும் தருவது அபூர்வம். பொதுவாக எந்த எண் அழகாக இருக்கிறதோ அதுதான் வெளியே வரும். சந்தா கட்டி ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம் 2010 அக்டோபரில் 1.2 கோடி சந்தாதாரர்கள் என்று பெருமையோடு அறிவித்தது. 2015 செப்டம்பர் முடிவில் அது 55 லட்சமாகக் குறைந்தபோது, இனிமேல் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடப்போவதில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஒரு நிறுவனம் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதைப் போலவே, எதைச் சொல்வதை நிறுத்தியது என்பதையும் கவனித்துப் படிக்க வேண்டும்.

இந்த நொடியின் எண்ணை வைத்து ஒரு நாளின் எண்ணைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு நொடியில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு நாள் முழுவதற்குமான சராசரியை எடுத்து 24ஆல் பெருக்கினால், அன்று எல்லோரும் சேர்ந்து ஆடிய மொத்த மணி நேரம் வரும். அதை ஒருவர் சராசரியாக ஆடும் நேரத்தால் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். ஃபோர்ட்நைட் தன் பழைய ஆட்டக்களத்தைத் திரும்பக் கொண்டுவந்த 2023 நவம்பரில், ஒரே நாளில் 4.47 கோடிப் பேர் 10.2 கோடி மணி நேரம் ஆடியதாக அதை நடத்தும் எபிக் நிறுவனம் அறிவித்தது. 10.2 கோடியை 24ஆல் வகுத்தால், அந்த நாளின் எந்த நொடியிலும் சராசரியாக 42 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதாவது நாளின் கூட்டம், நொடியின் கூட்டத்தைப்போல் பத்து மடங்குக்கும் சற்று அதிகம்.

இப்போது உங்கள் 1,800க்கு வருவோம். உச்சம் 1,800 என்றால் நாள் சராசரி 1,100 என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறார் என்றால், 1,100ஐ 24ஆல் பெருக்கி 1.5ஆல் வகுக்க வேண்டும். 17,600 பேர் வருகிறார்கள். செத்துப்போனதாக உங்கள் நண்பர் சொல்லும் கேமுக்குள் ஒவ்வொரு நாளும் பதினேழாயிரம் பேர் வந்துபோகிறார்கள். வாரம் ஒருமுறை வருபவர்களையும் சேர்த்தால் மாதக் கணக்கு இன்னும் பெரிது.

ஸ்டீமின் எண்ணையும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த கேம் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கேம் கருவிகளிலும் கிடைக்கிறது என்றால், அங்கே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இந்த நொடியில் ஒரு கேமில் எத்தனை பேர் என்பதை ஸ்டீம்போல அந்த இரண்டும் எல்லோருக்கும் காட்டுவதில்லை. ஃபோர்ட்நைட், வாலரண்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆகியவை ஸ்டீமிலேயே இல்லை. அவற்றுக்கும் நேரலை எண்ணிக்கை காட்டுவதாகச் சொல்லும் இணையதளங்கள் ஏராளம் உண்டு. நிறுவனம் வெளியிடாத எண்ணை வெளியார் எப்படிக் காட்ட முடியும்? அங்கே ஓடிக்கொண்டிருப்பது ஊகம். அந்தத் தளங்களின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

எண் குறைத்துக் காட்டுவது போலவே கூட்டியும் காட்டும். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரும் கணக்கில் ஒருவர்தான். 2024 ஜூனில் பனானா என்ற சின்னஞ்சிறு நிரலுக்குள் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக ஸ்டீம் காட்டியது. திரையில் ஒரு வாழைப்பழம், அதைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அவ்வப்போது கிடைக்கும் வாழைப்பழப் படங்களைச் சந்தையில் விற்கலாம் என்பதால் ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளை ஓடவிட்டிருந்தார்கள். கூட்டத்தின் பெரும்பகுதி பாட்கள்தான், அதாவது மனிதரைப்போல் தானாக இயங்கும் நிரல்கள்தான் என்று அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற சுடும் கேம் ஆண்டுக்கணக்கில் பட்ட வேதனையும் பாட்களால் வந்ததுதான். மனிதர்களின் ஆட்டத்துக்குள் புகுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் தலையில் சுடும் நிரல்களை விரட்டச் சொல்லி ஆட்டக்காரர்கள் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எண்ணிக்கை நன்றாகத்தான் தெரிந்தது, ஆட்டம் நன்றாக இல்லை.

சரி, 1,800 போதுமா போதாதா? ஒரு கேமுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது அந்த கேமின் அமைப்பைப் பொறுத்தது. கூட்டத்தை ஒரே குளமாக நினைக்காதீர்கள், அது பல தொட்டிகளாகப் பிரிந்து கிடக்கிறது. உலகின் வெவ்வேறு பகுதிகளில் கேமை நடத்தும் கணினிகளான சர்வர்கள் இருக்கின்றன. தொலைவிலுள்ள சர்வரோடு இணைந்தால் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி விழும். ஆகவே முதலில் பகுதிவாரியாகப் பிரிக்க வேண்டும். 1,800இல் உங்கள் பகுதிக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆட்டம், தரவரிசைக்கான ரேங்க் ஆட்டம் என்று இரண்டு வகை இருந்தால் தலா 100. திறமைவாரியாக ஐந்து அடுக்குகள் இருந்தால் அடுக்குக்கு 20. அந்த இருபது பேரில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதோ ஒரு மேட்சின் நடுவில் இருப்பார்கள். நீங்கள் 'ஆடு' என்ற பொத்தானை அழுத்தும் நொடியில் உண்மையில் காத்திருப்பவர்கள் நான்கைந்து பேர்தான். மேட்ச் தொடங்கப் பத்துப் பேர் வேண்டும்.

அதனால்தான் அதே 200 பேர் ஒருவருக்கொருவர் மோதும் சண்டை கேமில் இருந்தால் ஆட்டம் அமோகமாக நடக்கும், எதிரே ஒரே ஒருவர் இருந்தால் போதுமே. நான்கு பேர் கூடிக் கணினியை எதிர்த்து ஆடும் கேம் என்றாலும் கவலையில்லை. நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி ஒருவர் மிஞ்சும் வகை கேமில் 200 என்பது இரண்டே மேட்ச்களுக்கான கூட்டம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், ஆனால் எவ்வளவு பெரிய தேர் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆள் போதாதபோது கேம் என்ன செய்கிறது என்பது அடுத்த விஷயம். என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காத்திருப்புத் திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் நிமிடம் உங்கள் தரத்துக்கு ஒத்தவர்களை மட்டும் தேடும். நேரம் போகப்போக வலையை அகலமாக வீசும். மூன்று நிமிடம், நான்கு நிமிடம், திடீரென்று மேட்ச் கிடைத்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் எதிரணியில் மூவாயிரம் மணி நேரம் ஆடியவர் இருப்பார். நேற்று வாங்கிய புதியவர் அவர் கையில் எட்டு நிமிடத்தில் பதினொரு முறை செத்துவிட்டு, கேமை மூடிவிட்டுப் போய்விடுவார். திரும்ப வரமாட்டார். மறுநாள் அந்த அடுக்கில் ஒருவர் குறைவு, காத்திருப்பு இன்னும் சற்று நீளம், வலை இன்னும் சற்று அகலம். பெரும்பாலான கேம்கள் மெலிந்துபோவது இப்படித்தான். பழையவர்கள் ஒரேயடியாகக் கிளம்பிப் போவதால் மெலிவதைவிட, வந்த புதியவர்கள் தங்காமல் போவதால் மெலிவதே அதிகம். எவ்வளவு நல்ல கேமிலும் பழையவர்கள் வேலை, குடும்பம் என்று மெல்ல மெல்ல விலகத்தான் செய்வார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதைத் தடுக்க உருவாக்குநர்கள் எடுக்கும் முயற்சிகளில் சில எனக்குப் பிடிக்கும், சில பிடிக்காது. வெவ்வேறு கருவிகளில் இருப்பவர்களை ஒன்றாக ஆடவிடுவது மிக நல்லது. 2018 செப்டம்பரில் பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி நிறுவனம் ஃபோர்ட்நைட்டுக்காகத் தன் கதவைத் திறந்த பிறகு, இது மெல்ல எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. மூன்று தனித்தனித் தொட்டிகள் ஒரே தொட்டியாவதற்குச் சமம் அது. புதியவர்களின் மேட்சில் பாட்களைக் கலப்பது இன்னொரு வழி. ஃபோர்ட்நைட் 2019இல் அதைச் செய்தபோது முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்தது. அறிவித்தால் சரி. எதிரே இருப்பது மனிதர் என்று நம்பவைத்துப் பாட்டோடு மோதவிடுவது ஏமாற்று வேலை, வெற்றியின் மகிழ்ச்சியைப் பின்னாளில் அது கசப்பாக்கிவிடும்.

ஈவ் ஆன்லைன் தொடக்கத்திலேயே வேறு பாதையில் போனது. 2003இல் தொடங்கிய அந்த விண்வெளி கேமில், சீனாவுக்கான தனி சர்வரை விட்டுவிட்டால், எல்லோரும் ஒரே அண்டத்தில்தான் இருக்கிறார்கள். 2013 மே 5ஆம் தேதி ஒரே நேரத்தில் 65,303 பேர் உள்ளே இருந்தார்கள், அதுதான் அதன் சாதனை. பெரிய கேம்களோடு ஒப்பிட்டால் சிறிய எண். ஆனால் அந்த அறுபத்தைந்தாயிரம் பேரும் ஒருவரையொருவர் பாதிக்கக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். தொட்டிகளாகப் பிரிக்கப்பட்ட பத்து லட்சத்தைவிட அந்தக் கூட்டத்துக்கு உயிர் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

மாறாக நியூ வேர்ல்டின் கதையைப் பாருங்கள். 2021 இலையுதிர் காலத்தில் அமேசானின் இந்த கேம் வெளிவந்தபோது ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9 லட்சத்து 13 ஆயிரம் பேர். ஓர் உலகத்துக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்குத்தான் இடம். வாசலில் மணிக்கணக்கில் வரிசை. அவசர அவசரமாகப் புதிய உலகங்களைத் திறந்தார்கள். சில மாதங்களிலேயே எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. திறந்த உலகங்கள் காலி வீடுகளாகக் கிடந்தன. கடைசியில் அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியதாயிற்று. தொடக்க வாரத்தின் கூட்டத்தை நம்பி வீடு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் சரிவை எல்லாம் சாவு என்று சொல்லிவிடவும் முடியாது. பப்ஜி 2018 ஜனவரியில் ஸ்டீமில் 32 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அன்றாட உச்சம் பத்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் மலையிலிருந்து விழுவது போல இருக்கும். அன்றே அதைச் செத்த கேம் என்று எழுதித் தள்ளினார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுகள் பல கடந்து, ஸ்டீமில் அதிகம் பேர் ஆடும் கேம்களின் முன்வரிசையில் அது நிற்கிறது. உச்சத்தோடு ஒப்பிட்டால் எல்லா கேமும் தோற்றதாகத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்த சாதாரண நாளோடு இன்றைய சாதாரண நாளை ஒப்பிடுங்கள், அதுதான் நாடி பிடித்துப் பார்ப்பது. புதிய அப்டேட் வந்த வாரத்தை விட்டுவிடுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2014 நவம்பரில் புதிய விரிவாக்கம் வெளியிட்டவுடன் ஒரு கோடியைத் தொட்டது, 2015 மார்ச் முடிவில் 71 லட்சத்துக்கு இறங்கியது. வருவதும் போவதும் சந்தா கேம்களின் இயல்பான மூச்சு.

எந்த கேம் எப்போது புகழடையும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமங் அஸ் 2018இல் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவிடமிருந்து வந்தது. இரண்டு ஆண்டுகள் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, தாங்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீமர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். செப்டம்பரில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். இரண்டாம் பாகம் உருவாக்கப்போவதாக அறிவித்திருந்த அந்தக் குழு அதைக் கைவிட்டுவிட்டு முதல் பாகத்தையே வளர்க்க முடிவு செய்தது. இதற்கு எதிர்முனையில் இருப்பது கான்கார்ட் என்ற ஐந்துக்கு ஐந்து சுடும் கேம். பெரிய நிறுவனம், பல ஆண்டு உழைப்பு, பெருஞ்செலவு. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. ஸ்டீமில் அதன் உச்சம் 697 பேர். செப்டம்பர் 6 அன்று சர்வர்களை அணைத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் உழைத்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கான்கார்ட் மோசமான கேம் இல்லை என்றுதான் ஆடியவர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் அதே வகையில் இலவச கேம்கள் பல இருக்க, நண்பர்கள் எல்லாம் அங்கே இருக்க, காசு கொடுத்துத் தனியாக இங்கே வருவதற்கு ஒருவருக்கு என்ன காரணம் இருக்கும்? கூட்டம்தான் கூட்டத்தைச் சேர்க்கும்.

நான் இப்போது வாரந்தோறும் ஆடும் கேம் ஒன்று இருக்கிறது. இருவர் மோதும் பழைய சண்டை கேம். ஸ்டீமில் பார்த்தால் நாற்பது பேர், சில நாள் ஐம்பது. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் செத்த கேம். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் மணியடித்தது போல எல்லோரும் கூடுவோம். முதல் வாரம் நான் இருபத்து மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றேன். கடைசி ஆட்டம் முடிந்ததும் என்னைத் தோற்கடித்தவர் போகாமல் நின்றார். "நீங்கள் ஒவ்வொரு முறையும் எழுந்தவுடன் குதிக்கிறீர்கள், அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்" என்று எழுதினார். அரை மணி நேரம் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதைத் தடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். பல லட்சம் பேர் ஆடும் கேம்களில் நான் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறேன். ஒரே எதிராளியை இரண்டாம் முறை சந்தித்த நினைவுகூட அங்கே எனக்கு இல்லை.

உண்மையான சாவு சர்வரை அணைக்கும்போது வருகிறது. பல ஆண்டுகள் நான் ஆடிய ஒரு கேம் அப்படி மூடப்பட்டது. மூன்று மாத முன்னறிவிப்பு மட்டும் தந்தார்கள். கடைசி இரவு எல்லோரும் நகரச் சதுக்கத்தில் கூடி நின்றோம். சிலர் ஆண்டுக்கணக்கில் உள்ளே வராதவர்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள், வாங்கியவர் கையைவிட்டே போய்விடுகிறது. த க்ரூ என்ற கார்ப் பந்தய கேமை 2024 மார்ச் 31 அன்று அணைத்தபோது, தனியாக ஆட நினைத்தவர்களாலும் ஆட முடியாமல் போனது. விற்ற கேம்களை இப்படி ஆட முடியாமல் ஆக்கக் கூடாது என்று அதிலிருந்து பிறந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேம் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் சொந்தமாக நடத்திவந்த சர்வருக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரே முறைப்படி அனுமதி கொடுத்தார். ஆகவே ஒரு பழைய கேமை வாங்குவதற்கு முன் பாருங்கள்: ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்த வழி இருக்கிறதா? இருந்தால் எண்ணிக்கையைப் பற்றிய பயத்தில் பாதி குறைந்துவிடும்.

உங்கள் கேமுக்கு வருகிறேன். ஐந்துக்கு ஐந்து, உச்சம் 1,800. இது விளிம்பில் நிற்கும் எண். உங்கள் பகுதியில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். ஸ்டீமில் வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பதினான்கு நாட்களுக்குள் கேட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம். காத்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணி நேரத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். வார இறுதியில் சோதிக்காதீர்கள், அப்போது எல்லா கேமும் கலகலப்பாகத்தான் இருக்கும். செவ்வாயோ புதனோ, நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில் உள்ளே போங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் மேட்ச் கிடைத்தால் நல்லது. அதைவிட முக்கியம், மூன்று மேட்ச் ஆடிவிட்டுப் பட்டியலில் உள்ள பெயர்களைக் கவனியுங்கள். அதே ஒன்பது பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து, எல்லோரும் உங்களைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்களாக இருந்தால், புதியவர்கள் வருவது நின்றுவிட்டது என்று பொருள். உங்களைப் போலவே தடுமாறுகிற ஒருவராவது ஒவ்வொரு மேட்சிலும் இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே அவர்களுடைய டிஸ்கார்டில் சேர்ந்து, வாரத்தில் எந்த நாள் கூடுகிறார்கள் என்று கேளுங்கள்.